பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்கு: வாசகி கேள்வியும் சட்டத்தரணி பதிலும்

கேள்வி: என் தம்பி கொலைச் சந்தேகத்தில் விளக்கமறியலில் இருக்கிறான். சம்பள நாளன்று மாலை அவனும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவரும் கடைத்தெருவிலிருந்து ஒன்றாக மலையேறி வந்ததைச் சிலர் கண்டிருக்கிறார்கள். மறுநாள் காலை அவருடைய உடல் தேயிலை மலையில் வடிகால் கான் ஓரமாகக் கிடந்தது. தம்பி காட்டிக்கொடுத்ததாகச் சொல்லி, லயத்துக்குப் பின்னாலிருந்த விறகுக் குவியலிலிருந்து தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தியைப் பொலிஸார் எடுத்துச் சென்றார்கள். இருவருக்கும் முன்பே வேலித் தகராறு இருந்தது. வெட்டியதை யாரும் பார்க்கவில்லை. அப்படியிருக்க, கொலையை நிரூபிக்க முடியுமா, ஐயா?
— ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: முடியும், சகோதரி. பார்த்த சாட்சி இல்லாததால் வழக்கு நிற்காது என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருந்தால், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கொழும்பில் அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றின் குருவாக இருந்த மெத்தியூ பீரிஸ், தம் மனைவியையும் இன்னொருவரையும் கொலை செய்தார் என்று 1984இல் தீர்ப்பளிக்கப்பட்டதும் சந்தர்ப்பச் சாட்சியங்களின், அதாவது குற்றத்தை நேரில் காணாமல் சூழ்நிலைகளிலிருந்து ஊகிக்க வைக்கும் சாட்சியங்களின், மேல்தான்.

ஆனால் அத்தகைய வழக்குக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது. 1940களிலேயே நமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிரூபிக்கப்பட்ட சங்கதிகள் எல்லாம் சேர்ந்து எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) குற்றத்தோடு பொருந்தினால் மட்டும் போதாது, அவர் குற்றமற்றவர் என்பதோடு அவை பொருந்தவே முடியாதவையாகவும், வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடங்கொடாதவையாகவும் இருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, ஒவ்வொரு சங்கதியும் தனித்தனியே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். பத்துச் சந்தேகங்களைக் கூட்டினாலும் ஒரு நிரூபணம் ஆகாது என்பதை எத்தனையோ பேர் மறந்துவிடுகிறார்கள். லயத்தில் பேச்சாக உலவுவதை மேல் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

கத்தியை எடுத்துக்கொள்வோம். பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. எனினும், தடுப்பில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்பான பகுதியை மட்டும் 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அது காட்டுவது, கத்தி இருந்த இடம் உங்கள் தம்பிக்குத் தெரியும் என்பதை மட்டுமே. அவரே வைத்திருக்கலாம், வேறொருவர் வைப்பதைக் கண்டிருக்கலாம், பிறர் சொல்லக் கேட்டிருக்கலாம். மேலும், கவ்வாத்து வேலைக்குப் போகிறவர் வீட்டில் கத்தி இருப்பது இயல்பு. ஆகவே அதன் அலகிலும் பிடியின் இடுக்கிலும் இரத்தம் இருந்ததா, அது மனித இரத்தமா, இறந்தவருடையதா என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை சொல்ல வேண்டும். காயங்களின் நீளமும் ஆழமும் அந்த வளைந்த அலகுக்குப் பொருந்துகின்றனவா என்பதைச் சட்ட வைத்திய அதிகாரி சொல்ல வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்தக் கத்தியால் வழக்குக்குக் கிடைக்கும் பலம் சொற்பமே.

வேலித் தகராறு ஒரு நோக்கத்தைக் காட்டலாம். அதற்குமேல் எதையும் நிரூபிக்காது.

உங்கள் வழக்கில் நான் மிகவும் அஞ்சுவதும் ஆராய விரும்புவதும் இருவரும் கடைசியாக ஒன்றாகக் காணப்பட்ட நேரத்தைத்தான். அந்த நேரத்துக்கும் மரணம் நிகழ்ந்த நேரத்துக்கும் இடைவெளி சிறிதாக இருந்தால், வேறொருவர் இடையே வந்திருக்க முடியாது என்ற வாதம் வலுக்கும். இடைவெளி பெருகப் பெருக அது தளரும். மரண நேரம் ஒரு வழக்கை எப்படித் திருப்பும் என்பதற்கு, 1951இல் மனைவி கொலையுண்ட வழக்கில் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம் 1953இல் விடுதலையானதை இன்றும் நமது சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டுவார்கள். மருத்துவ நிபுணர்கள் அந்த நேரத்தைப் பற்றியே மோதிக்கொண்டார்கள். மலையில், குளிரிலும் மழையிலும் இரவு முழுதும் கிடந்த உடலின் வெப்பத்தைக் கொண்டு நேரத்தைக் கணிப்பது எளிதல்ல என்பதையும் உங்கள் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும்.

இதில் மொழியும் குறுக்கே வரும். நம் பகுதியில் வழக்கு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. “விளக்கு வைக்கிற நேரத்துல பார்த்தேன்” என்று ஓர் அம்மா சொல்வது “இரவு” என்று பெயர்க்கப்பட்டுப் பதிவானால், ஒன்றிரண்டு மணித்தியாலங்கள் காணாமற்போய்விடும். நமது வழக்கில் அந்த மணித்தியாலங்களே உயிர்நாடி. மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. பெயர்ப்பு பிழைத்தால் சட்டத்தரணி அப்போதே எழுந்து திருத்தக் கேட்கும்படி, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரை அவருக்கு அருகில் இருக்கச் செய்யுங்கள்.

சட்டத்தரணியை அமர்த்த வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மேல் நீதிமன்றத்தில் எதிரிக்கு வழக்கறிஞர் இல்லாவிட்டால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். இன்றே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்று மாலை முதல் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பிரட்டு வரை தம்பியை யார், எங்கே, எப்போது கண்டார்கள் என்பதை உங்களுக்குத் தெரிந்த மட்டில், நினைவு மங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வழக்குத் தொடுக்கும் தரப்புச் சாட்சிகளின் வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். நல்லெண்ணத்தோடு போனாலும், சாட்சியை அச்சுறுத்தியதாக உங்கள் மீதே இன்னொரு வழக்கு வரக்கூடும்.