லினக்ஸ் கணினியில் ஹார்ட் டிஸ்க் அடிக்கடி காணாமல் போகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

உபுண்டுவில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது டிஸ்க் மறைந்துவிடுகிறது, டிமெஸ்ஜியில் (லினக்ஸ் தன் வன்பொருள் செய்திகளைக் காட்டும் பதிவு) 'ஹார்டு ரீசெட்டிங் லிங்க்', அதாவது டிஸ்கோடு உள்ள தொடர்பை மீண்டும் தொடங்குகிறேன் என்று வரிசையாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் 'புதுசு மாத்திடுங்க' என்று சொல்லியிருப்பார். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

என் மச்சான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரே டிஸ்கில். காப்பி செய்யும்போது பாதியில் நிற்கும், அப்புறம் 'ரீட் ஒன்லி' ஆகி எதையும் எழுத விடாது. கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "டிஸ்க் டெட் சார், லினக்ஸ் வேற போட்டு வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டார்கள். படங்களை மீட்கத் தனிக் காசாம். ஆல்பம் கொடுக்காத கல்யாணங்களும் அதில் இருந்ததால் மச்சான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் டிஸ்கின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, அதிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டினேன். வரும் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகள் டிஸ்கின் உள்தட்டு நிலையைச் சொல்பவை. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார் (தகவல் எழுதப்படும் சிறு பகுதி), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார் இதெல்லாம் அங்கே தெரியும். மச்சானுடைய டிஸ்கில் மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் ஏறிக்கிடந்தது. அது சிஆர்சி (தகவல் சரியாக வந்ததா என்ற சோதனை) பிழைக் கணக்கு, அதாவது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் தகவல் சிதைந்திருக்கிறது. டிமெஸ்ஜியிலும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த இணைப்பின் வேகத்தை 6 ஜிகாபிட்டிலிருந்து 3, பிறகு 1.5 என்று தானாகக் குறைத்துக்கொண்டே வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் முதலில் கேபிள் மேல்தான் விழ வேண்டும்.

கேபினட்டைத் திறந்தால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் பக்கவாட்டு மூடியில் நசுங்கி மடிந்து கிடந்தது. பூட்டிக்கொள்ளும் கிளிப்பும் இல்லாத பழைய கேபிள். கிளிப் உள்ள புதியதை மாட்டிப் பெரிய ஃபோல்டர் ஒன்றைக் காப்பி செய்து பார்த்தோம். 199 அசையவில்லை. (அந்த எண் குறையாது. மேலும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.) மச்சான் இன்றும் அதே டிஸ்கில்தான் வேலை பார்க்கிறார்.

உடனே யாராவது வந்து 'எல்லாவற்றுக்கும் கேபிளா காரணம்' என்று கேட்பார்கள். அப்படி நான் சொல்லவில்லை. கேபிள் மாற்றியும் சரியாகாவிட்டால் மதர்போர்டில் வேறு சாக்கெட்டில் மாட்டுங்கள், பவர் கேபிளில் ஸ்ப்ளிட்டர் (ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) இருந்தால் கழற்றிவிட்டு நேராகக் கொடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும். ஆனால் 197 ஏறிக்கொண்டே போனாலோ டக் டக் என்று சத்தம் கேட்டாலோ டிஸ்க்தான் போகிறது. அப்போது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டாதீர்கள். அது சரிசெய்கிறேன் என்று சாகப்போகும் டிஸ்கிலேயே எழுதும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து வேறு டிஸ்குக்கு முழு நகல் எடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உதிரிபாகம் வாங்கப் போனால் 'பில் வேணும்னா 18 பர்சன்ட் சேரும் சார்' என்கிறார்கள். பில் கொடுப்பது என்ன சலுகையா? நாளைக்கு வாரண்டிக்குப் போய் நின்றால் அந்தத் துண்டுச்சீட்டைத்தானே கேட்பார்கள்? வரியோடு கொடுத்து பில்லை வாங்கி வையுங்கள்.

சரி, உங்கள் டிஸ்கின் 5, 197, 198, 199 எண்களைக் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.