வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேரப் போகிறேன், எதை முதலில் கற்றுக்கொள்வது?

கேள்வி: நான் கே.வி.குப்பத்தைச் சேர்ந்தவள். பி.காம். முடித்திருக்கிறேன். டைப்பிங்கில் தமிழ் சீனியர், ஆங்கிலம் ஜூனியர் பாஸ். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவில் வக்கீல் ஆபீஸில் செயலாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பல வருடமாக இருக்கும் குமாஸ்தா ஐயா மூன்று மாதத்தில் நின்றுவிடப் போகிறாராம். எனக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது. சார் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார் என்கிறார்கள். எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்? பிறகு கோர்ட்டிலேயே அரசு வேலைக்குப் போக இது உதவுமா? இன்னொன்று: என் சித்தப்பாவின் நிலத் தகராறில் எதிர்த்தரப்புக்கு இவர்தான் வக்கீல். அதை அவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வேலையில் சேரும் முன்பே முடிக்க வேண்டியது அதுதான். சொல்லிவிடுங்கள் அம்மா. வக்கீலை நேரில் பார்த்து, சித்தப்பா பெயரையும் வழக்கு எண்ணையும் சொல்லி, "இந்த வழக்குக் கட்டு என் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று நீங்களே கேளுங்கள். அவர் அதைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொள்ளலாம். அல்லது உங்களை எடுக்க வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். இரண்டும் நியாயமே. சொல்லாமல் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தால், உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும், அவருடைய கட்சிக்காரருக்கு அவர் மேல் உள்ள நம்பிக்கையும் போகும்.

இது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்ற விதி, வக்கீலிடம் வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும் என்று இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இது குமாஸ்தாக்கள் வரை இருந்தது. நாளைக்கு வீட்டில் சித்தி, "அந்தக் கேஸ் அடுத்த வாய்தா என்னிக்கும்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். வாய்தா தேதி, கோர்ட்டுகளின் ஈ-கோர்ட்ஸ் செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. ஆனாலும், "உங்க வக்கீலைக் கேளுங்க சித்தி" என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும். தேதியில் தொடங்கும் பேச்சு தேதியோடு நிற்பதில்லை.

இனி வேலைக்கு வருவோம். டைப்பிங் வேகம் தானாக வந்துவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் மாதம் முழுக்க நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது தேதிகள். வக்கீல் ஆபீஸில் இரண்டு வகைத் தேதிகள் உண்டு. ஒன்று, கோர்ட் கொடுக்கும் வாய்தா. அதைக் குறித்துக்கொள்ளத் தவறினாலும் ஈ-கோர்ட்ஸில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். மற்றொன்று, சட்டம் வைத்திருக்கும் கெடு. அதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள், எந்தச் செயலியும் மணி அடிக்காது. அந்தக் கெடுக்கள்தான் உங்கள் பொறுப்பு.

ஆபீஸில் வாய்தா டைரி ஒன்று ஏற்கெனவே இருக்கும். கெடுக்களுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். சம்மன் சார்வான (பிரதிவாதி கைக்குப் போய்ச் சேர்ந்த) நாளிலிருந்து எதிருரைக்கு, அதாவது பிரதிவாதியின் எழுத்து பதிலுக்கு, 30 நாள். காரணம் எழுதிக் கோர்ட் நீட்டினால் 90 நாள் வரை. பிரதிவாதி வராததால் ஆன ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள். வாதியோ பிரதிவாதியோ இறந்துபோனால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே கோர்ட்டில் கொடுப்பது) போட்டால் அதன் ஆயுளும் 90 நாள்தான், பிறகு புதிதாகப் போட வேண்டும். செக் பவுன்ஸ் என்றால், பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எதிராளிக்கு அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். இங்கே தபால் ஒப்புகை அட்டையில் உள்ள தேதிதான் உயிர். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு, ரசீதை அன்றைக்கே கட்டில் ஒட்டிவிடுங்கள்.

அப்பீல் கெடுவைக் கணக்கிடுவது பலருக்குக் குழப்பம், அதனால் ஒரு உதாரணம். ஜூன் 3-ல் முன்சீப் கோர்ட் தீர்ப்பு. அப்பீலுக்கு 30 நாள். தீர்ப்பு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆகவே ஜூலை 3. தீர்ப்பு நகலுக்கு ஜூன் 10-ல் மனு போட்டு, நகல் ஜூன் 24-ல் தயாரானால், அந்த 15 நாளைச் சட்டம் கழித்துவிடும். கெடு ஜூலை 18 ஆகிறது. நகலின் கடைசிப் பக்கத்தில் மனு போட்ட நாள், நகலுக்குக் கோர்ட் ஸ்டாம்ப் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், தயாரான நாள் எல்லாம் முத்திரையோடு இருக்கும். ஸ்டாம்ப் கேட்டது நோட்டீஸ் போர்டில் வந்தும் நீங்கள் பார்க்காமல் விட்டால், அந்தத் தாமதம் உங்கள் கணக்கில்தான் விழும். கேட்ட ஸ்டாம்ப் கெடுவுக்குள் கட்டாத மனு தள்ளுபடியும் ஆகும். கணக்கைப் போட்டு வக்கீலிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டில் எழுதும்போது ஜூலை 18 என்று மட்டும் எழுதாமல், பத்து நாள் முன்னால் ஜூலை 8-லும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் டைப்பிஸ்டாக இருந்த முதல் ஆண்டில், குடியாத்தம் பக்கத்து நெசவாளர் ஒருவரின் பிராது (வழக்கு தொடரும் மனு) சிறு குறைக்காகக் கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி வந்தது. குறையைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யக் கெடு போட்டிருந்தார்கள். நான் அதை வேறு கட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் இரண்டு முறை பஸ் ஏறி வந்து, "கேஸ் நம்பர் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு முறையும் "ஆயிடும்" என்றேன். கட்டு கையில் கிடைத்தபோது கெடு முடிந்து நாற்பது நாள். தாமதத்தை மன்னிக்க மனுப் போட்டு எடுத்துக்கொண்டார்கள், வழக்கு பிழைத்தது. ஆனால் அந்த மனுவின் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர், தவறு என்னுடையது. அன்றிலிருந்து ரிட்டர்ன் ஆன கட்டுகளைத் தனித் தட்டில்தான் வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது சொத்து விவரம். நம்ம ஊர் சிவில் ஆபீஸில் மற்ற மாவட்டத்தைவிட இது கொஞ்சம் சிக்கல். ஒரே கிராமத்துப் பத்திரத்தில், எழுதிய வருடத்தைப் பொறுத்து மாவட்டப் பெயர் மாறும். 1989-க்கு முன் வட ஆற்காடு மாவட்டம். அந்த ஆண்டு திருவண்ணாமலை பிரிந்த பின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019-ல் மூன்றாகப் பிரிந்த பின், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கம் என்றால் ராணிப்பேட்டை மாவட்டம். வாணியம்பாடி, ஆம்பூர் என்றால் திருப்பத்தூர் மாவட்டம். மிகப் பழைய ஆவணம் வந்தால் சித்தூரும் எட்டிப் பார்க்கும், 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் அதுதான். தாலுகாக்களும் இப்படியே பிரிந்திருக்கின்றன. பிராதின் சொத்து விவரத்தில் இன்றைய மாவட்டம், இன்றைய தாலுகா, இன்றைய சார்பதிவகம் வர வேண்டும். ஆவணப் பட்டியலில் பத்திரத்தை விவரிக்கும்போது அதில் உள்ளது உள்ளபடி வர வேண்டும், திருத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் வக்கீலைக் கேளுங்கள், நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

சர்வே எண்ணும் செக்குபந்தியும் (நான்கு பக்க எல்லைகள்) அடித்து முடித்ததும், ஒருவர் பத்திரத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அடித்ததை ஒத்துப் பாருங்கள். 118/2ஏ என்பது 118/2ஏ1 ஆகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பல வருடம் கழித்துத் தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட் ஊழியரான அமீனா நிலத்துக்குப் போகும்போதுதான் தெரியும். அப்போது அந்தக் குடும்பம் மறுபடியும் திருத்த மனுவோடு கோர்ட் வாசலில் நிற்க வேண்டும்.

சார் வேகமாகச் சொல்வதைப் பற்றி: முழு வாக்கியத்தையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். பெயர், தேதி, தொகை, எண் இவை நான்கும் நோட்டில் விழுந்துவிட வேண்டும், வாக்கிய நடை பழைய கட்டுகளில் கிடைக்கும். போனில் பதிவு செய்யலாமா என்று முதல் நாளே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், அடித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வானவில், பாமினி, யூனிகோட் என்று தமிழ் எழுத்துரு வகைகள் கலந்து கிடக்கும். புதிதாக அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள், நாளைக்குத் தேட முடியும்.

பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அடிக்கும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. எப்போதாவது குற்றவியல் மனு வந்தால் மட்டும் அதைச் செய்யாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறி, எண்களும் மாறிவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போவது. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன், ரத்துக்கு 528. ஒரே எண், முற்றிலும் வேறு மனு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்றும் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளே வரும் என்பதால், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது.

குமாஸ்தா ஐயாவின் மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள். அவர் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது நீங்களும் போக அனுமதி வாங்குங்கள். பிராது தாக்கல் செய்யும் இடம், சம்மன் அனுப்பும் செலவான பேட்டாவைக் கட்டும் நாசர் பிரிவு, நகல் பிரிவு, பெஞ்ச் கிளார்க் என்று ஒவ்வொரு இடத்திலும் என்ன கேட்பார்கள், எது இல்லாவிட்டால் திருப்புவார்கள் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அப்படியே அலமாரியில் யாருடைய மூலப் பத்திரங்கள் இருக்கின்றன என்று அவரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுங்கள். அவர் போன பிறகு ஒரு பத்திரத்தைக் காணோம் என்றால் கேள்வி உங்களிடம்தான் வரும். இனிமேல் வரும் மூலப் பத்திரத்துக்கு ரசீது கொடுங்கள், அதில் பஞ்ச் ஓட்டை போடாதீர்கள்.

அரசு வேலைக்கு வக்கீல் ஆபீஸ் அனுபவத்துக்கென்று மதிப்பெண் கிடையாது, ஆனால் உள்ளே போன பிறகு நிறையக் கைகொடுக்கும். கீழமை நீதிமன்றங்களுக்கான தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்கள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் வருகின்றன. தமிழ் சீனியர், ஆங்கிலம் ஜூனியர் என்ற உங்கள் தகுதி தட்டச்சர் பதவிக்குப் போதும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழை இப்போதே முடித்துவிடுங்கள். இல்லாமலும் தேர்வாகலாம், ஆனால் தகுதிகாண் காலத்துக்குள் முடித்தாக வேண்டும். முதல் பகுதியான தமிழ்த் தாளில் 40 சதவீதம் வராவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். சுருக்கெழுத்துக்கு மாலை வகுப்பில் சேர முடிந்தால் சேருங்கள். அதில் தேறியவர்கள் குறைவு, போட்டியும் அந்த அளவுக்குக் குறைவு. சார் சொல்வதைப் பிடிக்கவும் அதுவே உதவும்.