வீட்டில் கட்டிய வால்வு ஆம்பில் ஓயாத இரைச்சல்: எதை வாங்குவது, எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டைப் பார்த்து 5 வாட் கிட்டார் ஆம்ப் ஒன்றை நானே கட்டினேன். 12ஏஎக்ஸ்7 (சிக்னலை முதலில் பெருக்குவது, உள்ளே இரண்டு பாதி), 6வி6 (ஸ்பீக்கரை ஓட்டுவது), 5ஒய்3 (ரெக்டிஃபையர், ஏசியை டிசியாக்குவது) என்று மூன்று வால்வுகள். வாசிப்பு நன்றாகக் கேட்கிறது. ஆனால் வாசிக்காத நேரத்திலும் ‘ர்ர்ர்’ என்ற இரைச்சல் நிற்பதே இல்லை. வால்வு விற்றவர் விலை உயர்ந்த வால்வு போடச் சொல்கிறார். மெக்கானிக் கண்டென்சர் அத்தனையையும் மாற்றச் சொல்கிறார். நண்பரோ பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார். எதற்குச் செலவு செய்யலாம்?
– கோவை வாசகர்

பதில்: நண்பரின் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். கிட்டார் கம்பிகள் ஜாக் வழியாக ஆம்பின் சேசிஸோடு (உலோகச் சட்டத்தோடு) இணைந்திருக்கின்றன. உள்ளே எங்காவது 230 வோல்ட் கசிந்து சேசிஸைத் தொட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் உங்கள் விரல் வழியாகத்தான் போகும். இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த்தை எடுப்பது உயிரோடு விளையாடுவது.

மற்ற இருவர் சொல்வதும் சில நேரம் சரியாக இருக்கலாம். ஆனால் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் வாங்கும் எந்தப் பாகமும் வீண் செலவுதான். கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

கிட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் அடங்கிவிட்டால் ஆம்ப் மேல் குற்றமில்லை. கிட்டார், ஒயர், அறை இவற்றில்தான் தேட வேண்டும். அடங்கவில்லையென்றால் வால்யூமைத் திருப்புங்கள். சத்தம் கூடக்குறைய வந்தால் வால்யூமுக்கு முன்னால், அதாவது இன்புட் ஜாக்கிலோ முதல் வால்வான 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதியிலோ கோளாறு. வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் அதே சத்தம் என்றால் அதற்குப் பிறகு. அடுத்து ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு, அது இல்லாமலேயே ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் மட்டும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். இப்போதும் இரைந்தால் பவர் சப்ளையையோ 6வி6-ஐச் சுற்றியோ பாருங்கள்.

இன்னொரு துப்பு, சத்தத்தின் சுருதி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையரைத் தாண்டினால் அது 100 ஆகிறது. கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அந்த ஜி-யோடு ஒட்டினால் சப்ளையோ கிரவுண்டோ (சர்க்யூட்டின் பொது மைனஸ் இணைப்பு) காரணம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே முனகினால் ஹீட்டர் ஒயர் (வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஒயர்), எர்த் லூப் (இரண்டு வழியாக எர்த் ஆகி வளையமாவது), அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். அமெரிக்க வழிகாட்டிகளில் 60, 120 என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது 50, 100.

100-லும் இரண்டு வகை உண்டு. மெத்தென்ற ‘ம்ம்ம்’ வந்தால் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் வலுவிழந்திருக்கலாம். அப்போதும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. 22 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர் ஒன்றே ஒன்று வாங்கி, சந்தேகப்படும் கண்டென்சருக்கு இணையாக, துருவம் பார்த்து, கிளிப் போட்டுப் பாருங்கள். சத்தம் குறைந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். 5ஒய்3-க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சரை 47, 100 என்று ஏற்றிவிடாதீர்கள். ஆன் செய்யும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தை அந்த வால்வு தாங்காது. கூட்டுவதென்றால் இரண்டாவது கண்டென்சரைக் கூட்டுங்கள்.

இரண்டாவது வகை, கரகரப்பான ‘ர்ர்ர்’. நீங்கள் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கிரவுண்ட் ஒயரின் மேல்தான். வீட்டில் கட்டும் ஆம்புகளில் இதுதான் முக்கியமான இடம், யாரும் இதை விற்க முடியாததால் யாரும் சொல்வதுமில்லை. முதல் கண்டென்சர் தொடர்ச்சியாக சார்ஜ் ஆவதில்லை. நொடிக்கு 100 முறை, வெட்டு வெட்டாக மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த வெட்டு 0.3 ஆம்பியர் என்று வையுங்கள். அது போகும் ஒயர் அல்லது சேசிஸ் பகுதியின் தடை வெறும் 0.01 ஓம் என்றாலும் 3 மில்லிவோல்ட் உண்டாகும். முதல் வால்வின் கேத்தோடும் இன்புட் ஜாக்கும் அதே பாதையில் கிரவுண்ட் ஆகியிருந்தால், அந்த 3 மில்லிவோல்ட்டை வால்வு கிட்டார் சிக்னல் என்றே நினைத்து, முதல் கட்டத்திலேயே பல மடங்கு பெருக்கிவிடும். இதற்கு எந்த விலையுயர்ந்த வால்வும் மருந்தாகாது.

சரிசெய்வது இப்படி: டிரான்ஸ்ஃபார்மரின் ஹெச்டி (உயர் வோல்ட்டேஜ்) சுற்றின் நடு ஒயரை சேசிஸில் பற்றவைக்காமல், நேராக முதல் கண்டென்சரின் மைனஸ் முனைக்கே கொண்டுபோங்கள். 6வி6-இன் கிரவுண்டையும் அங்கேயே சேருங்கள். 12ஏஎக்ஸ்7, வால்யூம், இன்புட் ஆகியவற்றின் கிரவுண்ட் எல்லாம் கடைசி கண்டென்சரின் மைனஸில் கூடட்டும். சர்க்யூட் கிரவுண்ட் சேசிஸைத் தொடுவது ஒரே இடத்தில், இன்புட் ஜாக் பக்கம். வேறு இடத்தில் தொடுவதாக இருந்தால் இன்புட்டுக்குப் பிளாஸ்டிக் உடல் ஜாக் போடுங்கள். மூன்று பின் எர்த் மட்டும் தனி போல்ட்டில், சேசிஸோடு இறுக்கமாக இருக்கட்டும். இதில் கலப்பு வேண்டாம்.

ஹீட்டர்தான் காரணமென்றால் அந்த இரண்டு ஒயரையும் நெருக்கமாக முறுக்கி, சேசிஸ் மூலையை ஒட்டிக் கொண்டுபோங்கள். 6.3 வோல்ட் சுற்றில் நடு ஒயர் இல்லையென்றால், இரு முனைகளிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். சில ரூபாய் வேலை, பலன் பெரிது.

உள்ளே கை வைக்கும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதைச் சேசிஸுக்கு இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுங்கள். இது பழக்கமில்லையென்றால் வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூலி நியாயமான செலவு.

இவ்வளவும் செய்த பிறகு ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் கேட்கும் மெல்லிய முனகல் இருக்கவே செய்யும். சாம்பில் 6வி6 ஒற்றை வால்வாக நிற்கிறது. முதல் கண்டென்சரிலிருந்தே அதற்குச் சப்ளை. இரட்டை வால்வு ஆம்புகளில் ஒன்றையொன்று அடித்துவிடும் ஹம் இதில் அடிபடாது. இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் கேட்கவில்லையா, உங்கள் ஆம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: சத்தம் ஸ்பீக்கரில் வரவில்லை, டிரான்ஸ்ஃபார்மரே அதிர்கிறது. தொட்டால் நன்றாகச் சுடுகிறது. அமெரிக்க கிட்டில் வந்தது. 120 வோல்ட் ஸ்டெப்-டவுன் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.
– சென்னை வாசகர்

பதில்: ஸ்டெப்-டவுன் வோல்ட்டேஜை மட்டுமே குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60-க்கென்று சிக்கனமாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 50 ஹெர்ட்ஸ் ஓடினால் கோரில் (உள்ளிருக்கும் இரும்பில்) காந்தப்பாய்வு சுமார் 20 சதவீதம் கூடும், அதிரும், சுடும். மேலே ‘50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ‘60 ஹெர்ட்ஸ்’ மட்டும்தான் என்றால் 230 வோல்ட் பிரைமரி (மின்சாரம் நுழையும் சுற்று) உள்ள வேறொன்று வாங்குவதே வழி. உள்ளூரில் சுற்றக் கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ், ஹெச்டி நடு ஒயர், ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர், ஹீட்டருக்கு 6.3 வோல்ட் 2 ஆம்பியர் ஆகியவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய புது 12ஏஎக்ஸ்7 முதல் நாளே இரைகிறது. ‘வால்வுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்கிறார் விற்பனையாளர்.
– மதுரை வாசகர்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகள், 2020-இன்படி, பழுதான பொருளையோ போலியையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஆனால் பழுது வால்வில்தான் என்று நீங்கள் காட்ட வேண்டும். அதே சாக்கெட்டில் நல்ல வால்வு ஒன்றைப் போட்டு அமைதியாக இருப்பதையும், இவருடையதைப் போட்டால் இரைவதையும், வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வால்வின் மேல் உள்ள எழுத்து தெரியட்டும். எழுத்து மூலம் புகார் அனுப்பி, பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. தனிநபரிடம் செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தால் மட்டும் இந்த வழி பொருந்தாது.

கேள்வி: ஆம்ப் இரைச்சலுக்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். அது வோல்ட்டேஜைச் சீராக்கும். இந்த இரைச்சலைத் தொடாது. ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, போன் சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிறகு கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். திசைக்கேற்பச் சத்தம் கூடிக் குறைந்தால் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) அறையிலிருந்து இரைச்சலை வாங்குகிறது; ஆம்பை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி உட்காருங்கள்.