நடுவர்களுக்குப் பிடித்த மாதிரி வாசிக்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 14 வயது. சின்ன வயதிலிருந்தே மேற்கத்திய செவ்வியல் வயலின் கற்கிறான். இந்த ஆண்டு இளையோருக்கான ஒரு சர்வதேசப் போட்டிக்கு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டா என்ற தொகுப்பின் முதல் பகுதியை வாசித்து வீடியோ அனுப்பினான். தேர்வாகவில்லை. இடையில் ஓரிடத்தில் வேகத்தைக் குறைக்கிறான், அதனால்தான் போயிற்று என்கிறார் அவனுடைய ஆசிரியர். முன்பு ஜெயித்தவர்களின் வீடியோக்களைப் பார்த்து அதேபோல வாசிக்கச் சொல்கிறார். இவன் முடியாது என்கிறான். நான் யார் பக்கம் நிற்பது? பேசாமல் போட்டியையே விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜெயித்தவர்களைப் பார்த்து அப்படியே வாசிக்கச் சொல்லாதீர்கள். அதற்காக ஆசிரியர் சுட்டிக்காட்டிய இடத்தை அலட்சியப்படுத்தவும் வேண்டாம்.

அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே அளவான குறுகிய ஸ்வரங்கள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஓர் இடம் வரும். விரல் வைக்காத ஈ தந்தியின் ஸ்வரம் திரும்பத் திரும்ப ஒலிக்க, வில் பக்கத்துத் தந்திகளுக்குத் தாவித் தாவித் திரும்ப வேண்டும். வலது கை மணிக்கட்டு கொஞ்சம் இறுகினாலும் லயம் தடுமாறிவிடும். உங்கள் மகன் வேகம் குறைப்பது இங்கேதான் என்றால், ஏன் குறைக்கிறாய் என்று அவனிடமே கேளுங்கள். வில் ஓடவில்லை என்றால் அது பயிற்சிக் குறை. உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதுதான். ‘இங்கே அடியில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கட்டு (கார்ட்) மாறுகிறது, அது காதில் விழட்டும் என்று குறைத்தேன்’ என்றால் அது அவனுடைய யோசனை. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதே இடத்தை முழு வேகத்தில் ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். சுத்தமாக வாசித்துவிட்டு மறுபடி குறைத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அப்புறம், மதிப்பெண் விஷயம். பெற்றோர் பலர் இதை யோசிப்பதில்லை. ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 25 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையனின் வாசிப்பில் மூவர் சொக்கிப்போய் 24 போடுகிறார்கள். இருவருக்குப் பிடிக்கவே இல்லை, 12 போடுகிறார்கள். சராசரி 19.2. அடுத்து வரும் பெண் யாரையும் உலுக்கவில்லை, யாரையும் உறுத்தவுமில்லை. ஐவரும் 20 போடுகிறார்கள். அவள் முன்னால் போய்விடுவாள். இதில் யாரும் தப்பு செய்யவில்லை, சராசரி அப்படித்தான் வேலை செய்யும். போலந்தின் வார்சாவில் நடக்கும் ஷோபான் பியானோ போட்டியில், சராசரியிலிருந்து ரொம்ப விலகிப்போகும் மதிப்பெண்ணை உள்ளே இழுத்துத் திருத்தும் விதிகூட இருந்திருக்கிறது. ஒருதலைப்பட்சத்தைத் தடுக்க அது தேவைதான். ஆனால் வித்தியாசமாக வாசிப்பவருக்கு அதனாலும் கொஞ்சம் அடி விழும்.

அதே ஷோபான் போட்டியில் 1980இல் நடந்தது இசை உலகத்தில் இன்றும் பேசப்படுகிறது. யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஈவோ போகோரெலிச் மூன்றாம் சுற்றோடு நிறுத்தப்பட்டார். நடுவர் குழுவில் இருந்த மார்த்தா ஆர்கெரிச், 1965இல் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர், அந்த முடிவை எதிர்த்துக் குழுவிலிருந்தே விலகினார். போகோரெலிச் உலகமெங்கும் மேடையேறினார். இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிட்டு ‘போட்டி என்றாலே மோசடி’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஆண்டு முதல் பரிசு வாங்கியவர் வியட்நாமின் டாங் தாய் சோன். போர்க்காலத்தில் ஹனோயில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, இசைக்கல்லூரியோடு கிராமத்துக்குப் போய்ப் பியானோ கற்ற பையன். ஷோபான் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்தான். போட்டி இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த மேடையை யார் கொடுத்திருப்பார்கள்? 2021இல் அதே பரிசை வென்ற புரூஸ் லியு அவருடைய மாணவர்.

அதனால் போட்டியை விட வேண்டாம். அதை வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள். வயலின் மேதை யெஹூதி மெனுயின் 1983இல் தொடங்கிய இளம் வயலின் கலைஞர்களுக்கான போட்டியில், முதல் சுற்றிலேயே வெளியேறியவர்களும் கடைசிவரை தங்கிப் பெரிய கலைஞர்களின் வகுப்புகளில் உட்கார முடிந்தது, கச்சேரிகள் கேட்க முடிந்தது. தன் வயதுப் பிள்ளைகள் அதே பாக்கை எத்தனை விதமாக வாசிக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் கேட்பது இந்த வயதில் பெரிய விஷயம். தோற்ற பிள்ளையை அன்றே பெட்டி கட்ட வைக்கும் போட்டியைவிட இது எவ்வளவோ மேல். சேர்வதற்கு முன் இதையெல்லாம் விசாரியுங்கள்: வெளியேறியவர்கள் தங்க முடியுமா, நடுவரிடம் நேரில் கருத்துக் கேட்க முடியுமா, தன் மாணவருக்கு நடுவர் மதிப்பெண் போடக் கூடாது என்ற விதி உண்டா?

யார் பக்கம் என்று கேட்டீர்கள். சுருதி, லயம், வில் பிடிப்பு இதிலெல்லாம் ஆசிரியர் பக்கம், மறுபேச்சில்லாமல். எங்கே குறைப்பது, எங்கே மூச்சு விடுவது என்பதில் பையன் பக்கம், அவனால் காரணம் சொல்ல முடிகிறவரை. அடுத்த வீடியோவுக்கு என்ன வாசிப்பது என்பதை விதிகளுக்கு உட்பட்டு அவனே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் வெட்டி ஒட்டாத ஒரே பதிவைத்தான் கேட்பார்கள். நாலைந்து முறை பதிவு செய்து, எதை அனுப்புவது என்பதையும் அவனே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். ஆசிரியரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.