ஏகாதசி இரவில் ஏறிய ஒன்பது

அன்புள்ள ஐயா,

வைகுண்ட ஏகாதசிக்கு வெறும் தண்ணீரோடு இருந்தேன். அப்பாவின் குளுக்கோமீட்டரில் விளையாட்டாகப் பார்த்தால் இரவு பத்து மணிக்கு 82. கண்விழித்துவிட்டு துவாதசி காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 91. வயது 36, சர்க்கரை நோய் கிடையாது. ஒன்றுமே உள்ளே போகாதபோது ஒன்பது எப்படி ஏறும்?

ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஒன்பதை ரொம்ப நம்பாதீர்கள். வீட்டு மீட்டர் பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே காட்டும். ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு சொட்டு எடுத்தாலே எனக்கு ஆறேழு வித்தியாசம் வந்திருக்கிறது.

எனக்கு ஆச்சரியம், அது ஏன் இறங்கவில்லை என்பதுதான். மொத்த ரத்தத்திலும் ஓடுகிற சர்க்கரை நான்கைந்து கிராம், ஒரு டீஸ்பூன். மூளை மட்டுமே நாளொன்றுக்கு 120 கிராம் போலக் கேட்கும். கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் காலியாகியிருக்க வேண்டும். ஆகாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சாப்பிட்ட நாட்களில் சுமார் நூறு கிராமைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும்; இன்சுலின் குறைந்து, அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் கூடியதும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும். தசையில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு உண்டு. ஆனால் தசை கஞ்சன், தன் செலவுக்கு மட்டும்தான் எடுக்கும், ரத்தத்துக்கு நேராக ஒரு துளி சர்க்கரை தராது. கல்லீரலின் இருப்பு ஒன்று, ஒன்றரை நாளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்கு முன்பே லாக்டேட், அமினோ அமிலம், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் என்று கிடைத்ததை வைத்துப் புதிதாகச் சர்க்கரை செய்யத் தொடங்கியிருக்கும்.

விடியற்காலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறி இந்த வேலையை முடுக்கிவிடும். கண்விழிப்பு வேறு. ஆக, ஒன்பது நிஜமாகவே ஏறியிருந்தாலும் தப்பில்லை.

பாரணை முடித்ததும் மறுபடி குத்திப் பார்த்துப் பதறாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பை எரித்துப் பழகியிருக்கும். முதல் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஏறும். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் எப்போதும்போல் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

அப்பா சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் அவருக்கு ஆகாது. அடுத்த ஏகாதசிக்கு அவரும் இருப்பதாக இருந்தால் முன்னாலேயே டாக்டரைக் கேட்கட்டும். அப்புறம், மீட்டர் அவருடையது, சரி. குத்திய ஊசி புதுசுதானே?