கம்பாலாவில் வீட்டுப் பள்ளியும் பூச்சிகளும்: கேளுங்கள், சொல்கிறேன்

அக்கா, நவம்பரில் உகாண்டாவின் கம்பாலாவுக்குக் குடிவருகிறோம். மகனுக்கு 7 வயது, வீட்டிலேயே பாடம் சொல்லித் தரப்போகிறோம். எந்தப் பூச்சியில் ஆரம்பிக்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், ந்செனெனே என்கிற வெட்டுக்கிளிதான். இங்கே பேசும் லுகாண்டா மொழியில் நவம்பருக்கே முசெனெனே என்று பேர். மழை விட்ட இரவில் கூட்டம் கூட்டமாக விளக்கைத் தேடி வரும். பிடித்து விற்கிறவர்கள் பெரிய பல்பு போட்டு, தகரத்தைச் சாய்த்து வைத்து, அடியில் டிரம் வைத்திருப்பார்கள். ஏன் தகரம் என்று பையனையே கேளுங்கள். பளபளப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். காலுக்குப் பிடியும் கிடைக்காது, வழுக்கி டிரம்முக்குள் விழும்.

ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் விட்டு லென்ஸில் காட்டுங்கள். உணர்கொம்பு உடம்பைவிட நீளம். வெட்டுக்கிளி என்கிறோமே தவிர, சுவர்க்கோழிக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே மெல்லிய கீறல் தெரியும். அதுதான் காது! அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் என் மகள் முழங்காலைத் தூக்கிக் காட்டி, "இன்னும் சத்தமா சொல்லும்மா" என்கிறாள்.

அதை வறுத்துக் கொடுப்பார்களாமே. நாங்கள் சைவம், மறுத்தால் தப்பாக நினைப்பார்களா?

மாட்டார்கள். கம்பாலா இருக்கும் புகாண்டா அரசில் ந்செனெனே என்றே ஒரு குலம் உண்டு. அது அவர்களுடைய குலச்சின்னம், அதனால் தொட்டுக்கூடச் சாப்பிட மாட்டார்கள். எங்களுக்குக் காய்கறி தரும் அம்மா அந்தக் குலம்தான். நவம்பர் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நைரோபியில் இருக்கிறோம். மகள் கழுத்தில் சூடு போட்டது போல ஒரு கோடு. ஏதோ கடித்ததா?

கேட்டால் நைரோபி ஈ மாதிரி இருக்கிறது, ஆனால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பேர்தான் ஈ, கறுப்பும் ஆரஞ்சுமாக, எறும்பு போல மெலிந்த வண்டு அது. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் வினை: அதன் ரத்தத்தில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. பட்ட இடம் உடனே எரியாது, ஒரு நாள் கழித்துப் புண்ணாகும். எல் நினோ மழைக்குப் பிறகு 1998இல் கென்யாவில் நிறையப் பேருக்கு இப்படி வந்தது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொட விடாதீர்கள்.

துணியெல்லாம் இஸ்திரி போடணும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். வெளியே காய்கிற ஈரத்துணியில் மாம்பழ ஈ முட்டையிடும். பொரிந்த புழு தோலுக்குள் புகும். இஸ்திரிச் சூட்டில் முட்டை செத்துவிடும். சாக்ஸைக்கூட விடாதீர்கள். கரண்ட் போனால் கரிப்பெட்டி.

சியாஃபு எறும்புப் படை வீட்டுக்குள் வந்துவிட்டால்?

கைக்குழந்தை இருந்தால் முதலில் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கூண்டில் கோழியோ முயலோ இருந்தால் அதையும். பிறகு தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள். வேலைக்கார எறும்புகளுக்குக் கண்ணே கிடையாது, வாசனை பிடித்தே வரிசை போகும். எங்கள் சமையலறையை விட்டு அவை கிளம்பியபோது ஒரு கரப்பான்கூட மிச்சமில்லை.