இறகு, சிப்பி, பாடம் செய்த உடல்: நவீனக் கலைப்படைப்புகளைப் பாதுகாக்கக் கேள்வி பதில்

கேள்வி: சார், புறா இறகுகளைத் துணியில் தைத்துச் செய்த சுவர்ப்படைப்பு. அடியில் தினமும் மணல் மாதிரி தூள் விழுகிறது. அந்துருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். படைப்பில் எங்காவது தெர்மாகோல் இருந்தால் அதன் ஆவி அதை இளக்கிவிடும். பூச்சி முட்டைகளும் சாகும் என்று நம்ப முடியாது. தூளோடு பழுப்பு நிறத்தில் மயிரடர்ந்த தோலுரிகள் கிடந்தால் அது கம்பள வண்டின் புழு. அருங்காட்சியகங்களில் பறவைத் தோல்களுக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள். அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் வைத்து, காற்றை முடிந்தவரை வெளியேற்றி ஒட்டுங்கள். மைனஸ் 30 டிகிரி உறைபெட்டி என்றால் 3 நாள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான், அதில் 2 வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் ஆகும். அதற்குள் பிரித்தால் நீர் இறகின் மேலேயே கோத்துக்கொள்ளும். பிறகு தூசு நீக்கி, அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் பூச்சி இன்னும் இருக்கக்கூடும்.

கேள்வி: அதே படைப்பில் அக்ரிலிக் பெயிண்டும் இருக்கிறதே?

பதில்: அப்படியானால் உறைய வைக்காதீர்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்துப்போகும். லேசாக இடித்தாலே வெடிக்கும். காற்றுப்புகாத தடுப்புப் படலத்தில் ஆக்சிஜன் உறிஞ்சியோடு அடைத்து, உள்ளே ஆக்சிஜன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி, 25 டிகிரி அறையில் 3 வாரம் வையுங்கள்.

கேள்வி: சிப்பிகள் பதித்த பலகையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை இல்லை, உப்பாகத்தான் இருக்கும். ப்ளைவுட் அல்லது எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈரக்காற்றில் சிப்பியின் சுண்ணாம்பை அரிக்கிறது. கண்ணாடிப் பெட்டியை எந்த சிலிக்கானால் ஒட்டினார்கள் என்றும் கேளுங்கள். காயும்போது வினிகர் வாடை வந்திருந்தால் அதுவும் குற்றவாளி. உலர்ந்த மென்தூரிகையால் உப்பைத் துடைத்து, பின்பலகையை அலுமினியமாக மாற்றி, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு மேல் போகவிடாதீர்கள். வினிகரால் கழுவச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டால் சிப்பியே கரையும்.

கேள்வி: மீன் வைத்த திரவம் கலங்கிவிட்டது. திரவத்தை மாற்றினால் போதுமா?

பதில்: உள்ளே அழுகியிருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் கலங்கும். பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991இல் திரவத்தொட்டியில் வைத்த சுறாவுக்கு நடந்ததும் அதுதான். மருந்து உடலுக்குள் சரியாக இறங்காமல் கெட்டு, 2006இல் வேறு சுறாவையே வைக்க வேண்டியதாயிற்று. உடலைக் கெடாமல் காக்கும் கரைசலுக்கு கடை ஃபார்மலின் 1 பங்கு, நீர் 9 பங்கு. வயிற்றிலும் தடித்த தசையிலும் ஊசியால் ஏற்றிய பிறகுதான் மூழ்கவிட வேண்டும். கையுறை, முகக்கவசம், நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவதாக இருந்தால் தொட்டி கண்ணாடியாகவே இருக்கட்டும். அக்ரிலிக் தொட்டி விரிசல் விடும்.

கேள்வி: மயில் தோகை உள்ள படைப்பை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பலாமா?

பதில்: இந்தியாவிலிருந்து மயில் தோகையை ஏற்றுமதி செய்யத் தடை, தோகையால் செய்த பொருளுக்கும் அதே தடைதான். உள்நாட்டில் தானாக உதிர்ந்த தோகைக்குச் சட்டம் இடம் தருகிறது. உதிர்ந்ததன் தண்டு அடிமுனை சுத்தமாக இருக்கும்; பிடுங்கியதில் ரத்தக்கறை இருக்கக்கூடும். தண்டை நறுக்கி ஒட்டுவதற்கு முன்பே அந்த முனையைப் படமெடுத்து, இனத்தின் பெயர், எடுத்த இடம், தேதி மூன்றையும் படைப்பின் பதிவில் சேர்த்துவிடுங்கள்.